அங்கோர்: கற்களுக்குக் காப்பு, குடிகளுக்கு?

கம்போடியாவின் அங்கோர் ஆலயத்தொகுதி 1992 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அந்நாட்டு உல்லாசப் பிரயாணத்துறையின் மூலதனமே அதுதான். 2017 இல் ஒருநாள் நுழைவுக் கட்டணம் 20 டொலரிலிருந்து 37 டொலராக உயர்ந்தது.

2022 முதல், மரபுரிமையைக் காப்பதாகக் கூறி, ஏறத்தாழப் பத்தாயிரம் குடும்பங்களை அங்கிருந்து அகற்ற அரசு முற்பட்டது. அவர்கள் விரும்பியே சென்றனர் என்பது அரசின் கூற்று. அச்சுறுத்தப்பட்டே வெளியேறினர் எனச் சர்வதேச மன்னிப்புச் சபை 2023 இல் அறிக்கையிட்டது. ‘விருப்பம்’ என்னும் சொல் இத்தகைய வேளைகளில் எவ்வாறு ஆளப்படும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

வெற்றுக் காணித்துண்டும் கூரைத் தகரங்களும் கிடைத்தன. ஆலய வாயிலில் உணவும் கைப்பொருளும் விற்றுப் பிழைத்தோருக்கு அங்கே வாங்குவார் யார்? நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. அதைக் கொடுத்த பின்னரே ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி அரசு பேசலாம்.