காட்சில்லா: தோழனா, எச்சரிக்கையா?

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா நிறுவனம் 'காட்சில்லா' என்னும் அசைவூட்டத் தொடரைச் சிறுவர்களுக்காக உருவாக்கியது. கேலிகோ என்னும் ஆய்வுக் கப்பலில் செல்வோர் இடர்ப்படும்போது அழைத்தால், அப்பேருயிர் கடலிலிருந்து எழுந்து வந்து அவர்களைக் காக்கும்.

ஆனால், காட்சில்லா பிறந்த கதை துயரமானது. 1954 மார்ச்சு மாதத்தில், பசிபிக் பெருங்கடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றிலிருந்த 23 பேர்மீதும் படிந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த இஷிரோ ஹோண்டாவின் திரைப்படத்தில், குண்டுச் சோதனையால் கிளர்ந்தெழுந்த காட்சில்லா டோக்கியோவை அழித்தது.

சிறுவர் அஞ்சாதிருக்க அவ்வுருவத்தைத் தோழனாக்கியது நன்றே என்பர் சிலர். இளம் உள்ளங்களை அச்சுறுத்துதல் கல்வியாகாது என்பது உண்மையே. ஆயினும், அச்சத்தை நீக்குவது வேறு. அச்சத்தின் காரணத்தை மறைப்பது வேறு. தொடரில் வரும் காட்சில்லா அழைத்தால் வரும். பணி முடிந்ததும் கடலுக்குள் மறையும். மனிதன் எழுப்பிய அணுவாற்றலோ அவ்வாறு அவன் சொற்படி அடங்குவதில்லை.

ஆகவே, தொடரைக் கண்டு மகிழும் சிறுவர், அப்பேருயிர் பிறந்த கதையையும் அறிதல் வேண்டும்; அதனைப் பெரியோர் எடுத்துரைத்தல் வேண்டும்.