தானக் கம்பளியின் பல்லைப் பிடித்துப் பாருங்கள்



மார்கழி பிறந்தால் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை, ஏரியில் பூநாரை பார்க்க வருகிறவர்கள். இன்னொரு வகை, கம்பளி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள். பறவை பார்ப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. இன்றைய வழக்கு இரண்டாவது வகையோடுதான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும் என்கிறேன் நான். பல் இல்லாத மாட்டுக்கும் தீனி போட வேண்டியவன் வாங்கிக்கொண்டவன்தானே?

கம்பளி என்றால் ஆட்டு ரோமத்தில் நெய்தது. கர்நாடகத்தில் சள்ளக்கெரே பக்கம் குரும்பர்கள் நெய்வது கம்பளி. தெலங்கானாவில் இடையர்கள் தோளில் போட்டிருக்கும் கொங்கடி கம்பளி. இங்கே மேடை போட்டுக் கொடுப்பது என்ன? பெரும்பாலும் பளபளவென்று பூப்போட்ட பாலியஸ்டர். பெட்ரோலியத்திலிருந்து வந்த நூல். ஒரு ஆட்டையும் அது கண்டதில்லை. ஆனால் பேனரில் 'கம்பளி வழங்கும் விழா'! ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் சொல்வார்களே, 'பேரு பெத்த பேரு, தாக நீலு லேது' என்று, அந்தக் கதைதான்.

நான் சிறுவயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு 'லேன்' என்றால் ஆட்டு ரோமம், 'கொத்தோன்' என்றால் பருத்தி. ஒன்றை மற்றொன்றின் பெயரால் எழுதினால் வாத்தியார் பிரம்பால் பதில் சொல்வார். இன்றும் பிரான்சில் விற்கும் போர்வையில் எந்த நூல் எத்தனை சதவீதம் என்று சீட்டு இருக்க வேண்டும். 'லேன் வியேர்ஜ்' என்று போட்டிருந்தால் அது புது ரோமம், பழந்துணியைக் கிழித்து நூற்றது அல்ல. 1964இல் வந்த வூல்மார்க் முத்திரையும் இந்த நம்பிக்கைக்காகத்தான்.

"வெயில் ஊருக்குக் கம்பளியே எதற்கு சார்? ஏதோ ஒன்று போர்த்திக்கொண்டால் போதாதா?" என்று கேட்கிற படித்தவர்கள் உண்டு. அவர்கள் தை மாதம் ஒரு இரவு ஏரியில் இருந்து பார்க்கட்டும். இங்கே குளிரில் உறைபனி இல்லை, ஈரம் உண்டு. பாடு முறைப்படி தன் முறை வந்தவன் இராத்திரி வலையோடு ஏரியில் கிடப்பான். மேலே பனி, கீழே தண்ணீர், நடுவில் வாடைக்காற்று. வெப்பமானி 20 டிகிரி காட்டினாலும் எலும்பு வேறு கணக்குச் சொல்லும். ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். மழையில் ஆடு மேய்ப்பவன் கம்பளியை விடாமல் வைத்திருப்பதன் இரகசியம் இதுதான். பாலியஸ்டர் ஒரு சதவீத ஈரத்தைக்கூட வாங்காது. உடம்பின் வேர்வை உடம்போடே நிற்கும். ஒரு குப்பத்து ஆயா என்னிடம் ஒரே வரியில் சொன்னார்: "போத்துனா வேர்க்குது, எடுத்தா குளுருதுப்பா." இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் நெருப்பு. நம் வயதுக்காரர்கள் படுக்கும் கட்டிலுக்குக் கீழே என்ன இருக்கிறது? கொசுவர்த்திச் சுருள். மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி. பாலியஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகும், உருகிச் சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டும். ஆட்டு ரோமம் பற்றவே 500 டிகிரிக்கு மேல் வேண்டும், பற்றினாலும் நெருப்பை விலக்கினால் அணையும். கூரை வீட்டில், நடக்க முடியாத கிழவிக்கு எதைப் போர்த்துகிறோம் என்பது அலங்கார விஷயமா?

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு பழைய குமாஸ்தாவாகச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு அலுவலகம். விலைப்புள்ளி கேட்டுக் கடிதம் போகும். பொருள்: 'கம்பளிப் போர்வை, நல்ல தரம்'. அவ்வளவுதான். நூல் என்ன, எடை என்ன, நீள அகலம் என்ன, ஒன்றும் இராது. மூன்று விலைப்புள்ளி வரும், குறைந்த விலைக்குக் கையெழுத்தாகும், இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை ஏறும். தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார், தொட்டுப் பார்க்க மாட்டார். அறக்கட்டளைகளும் இப்படித்தான் வாங்குகின்றன. விவரக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் தீரும் நோய் இது.

இந்த ஊரின் சரித்திரம் தெரிந்தவனுக்கு இன்னும் வயிறெரியும். 1613இல் டச்சுக்காரன் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டினான். இந்தப் பக்கத்துப் பருத்தித் துணியைக் கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளில் மசாலாவுக்கு மாற்றினான். மலாய்க்காரர்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட் வேறெதுவும் இல்லை, புலிகாட், நம் பழவேற்காடு. உலகத்துக்குத் துணி உடுத்திய ஊர் இது. மேல்நாட்டார் கழித்த பழைய ஸ்வெட்டர்களைப் பானிப்பட்டில் கிழித்து நூற்ற போர்வைதான் நெடுங்காலம் நிவாரணம் என்ற பெயரில் போனது. அதிலாவது கொஞ்சம் ரோமம் இருந்தது. இப்போது அதுவும் போய்ப் பாலியஸ்டர்.

"அசல் கம்பளி விலை அதிகமாயிற்றே?" நியாயமான கேள்வி. நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செம்மறி ஆட்டுக்கு ரோமம் கிடையாது, மயிர்தான். வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆகவே எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. முதியவர்களுக்கும் இராத்தொழிலுக்குப் போகிறவர்களுக்கும் அசல் கம்பளி கொடுங்கள். மற்றவர்களுக்குக் கெட்டியான பருத்திப் போர்வை கொடுங்கள், 'பருத்தி' என்று சொல்லியே கொடுங்கள். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், இலேசு, மலிவு, மறுக்கவில்லை. அந்தப் பெயரிலேயே கொடுத்தால் வாங்குகிறவர் கொசுவர்த்தியைத் தள்ளி வைப்பாரே!

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 'குவெத்' என்று ரோமம் அடைத்த மெத்தைப் போர்வை வாங்கி வருகிறீர்கள். ஐரோப்பியப் பனிக்காலத்துக்குச் செய்த கனத்தை இங்கே கொண்டுவந்தால், ஆற்றில் மிதந்த கம்பளி மூட்டையைப் பிடித்தவன் கதைதான். நாம் விட்டாலும் அது விடாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் ரோமத்துக்கு மேல் வேண்டாம். மேலுறை பருத்தியாக இருக்கட்டும்.

இனி, கையில் வந்ததைச் சோதிப்பது. ஓரத்தில் ஒரு நூலை உருவி, தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் ரோமம். உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர்.

அசல் என்றால் பாதுகாக்க வேண்டும். குடிதண்ணீரைக் குடத்தில் தூக்கும் ஊர் இது, அடிக்கடி துவைக்க முடியாது, தேவையும் இல்லை. பழைய வேட்டியில் உறை தைத்துப் போடுங்கள், உறையை மட்டும் துவையுங்கள். வாரம் ஒருமுறை உதறிக் காற்றாட விடுங்கள், ஆனால் கடல் பக்கத்து வேலியில் வேண்டாம். உப்புப் படிந்த துணி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனியில், நல்ல தண்ணீரில் பூந்திக்கொட்டை போட்டு அலசினால் போதும். வெந்நீர், சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர் மூன்றும் ரோமத்துக்கு எமன். கல்லில் அடிக்காதீர்கள், முறுக்காதீர்கள். வேறு துணியில் சுருட்டி அழுத்தி, நிழலில் கட்டில் மேல் விரித்துக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பருத்தித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. வேப்பிலை போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறினால்தான் பூச்சி குடியேறாது.

அடுத்த மார்கழிக்கு மேடை போடுகிறவர்களிடம் நம் பெரியவர்கள் இரண்டே கேள்வி கேட்கட்டும்: என்ன நூல்? எவ்வளவு எடை? பதில் வராவிட்டால், படம் எடுக்கும்வரை போர்வையைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருங்கள். சிரிக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.