கைப்பிரேக்கை நம்பி இறங்கலாமா?

உழவர்கரையில் வண்டி ஓட்டுவோருக்குச் சமதரை பழகிப்போன ஒன்று. மூலக்குளத்திலோ ரெட்டியார்பாளையத்திலோ கைப்பிரேக் பழுதாகி ஓராண்டு கழிந்தாலும் எவருக்கும் தெரிய வராது. கோரிமேட்டை நோக்கி ஏறும் சாலையில் நிறுத்தும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எங்களுக்கு அப்படித்தான் வெளிப்பட்டது. மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய மாருதி ஆம்னி வேனுக்குப் பின்சக்கரங்களின் பிரேக் ஷூக்களை மாற்றியிருந்தோம். வேலை முடிந்தபோது கைப்பிரேக்கின் பிடி மிக உயரம் ஏறியது. "கேபிளை முறுக்கினால் சரியாகிவிடும் பாய்" என்றார் மெக்கானிக். முறுக்கினார், இரண்டு மூன்று பல் ஏறியதுமே பிடி இறுகியது. மகிழ்ந்து கூலி கொடுத்தோம். சில வாரங்களில் பின்சக்கரத்தருகே கருகல் வாடை வீசிற்று; கால் பிரேக்கும் ஆழ இறங்கலாயிற்று. நாங்கள் பொருட்படுத்தவில்லை. பிறகொரு மாலை, கோரிமேட்டு ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கையில் வேன் பின்னோக்கி ஒரு முழம் நகர்ந்தது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாதிருந்ததால் பிழைத்தோம்.

வேறொரு முதிய மெக்கானிக் டிரம்மைக் கழற்றிக் காட்டியபோதுதான் காரணம் விளங்கிற்று. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைப்பதற்கென்று உள்ளேயே ஓர் அமைப்பு உண்டு. சில வண்டிகளில் கையால் திருப்பும் பல் சக்கரம். சிலவற்றில் அது தானே சரிசெய்துகொள்ளும். கேபிளின் வேலை ஷூவை இழுப்பது மட்டுமே. இடைவெளியை விட்டுவிட்டுக் கேபிளை முறுக்கினால், பிடியை இறக்கிய பின்னரும் ஷூ அரைகுறையாக இழுபட்டே நிற்கும். உரசி உரசி டிரம் சூடேறும். லைனிங் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிப் பிடிமானம் இழக்கும். தானியங்கும் அமைப்பும் முடங்கிவிடும்.

ஆகவே முதலில் கேபிளை நன்கு தளர்த்திவிட வேண்டும். பின்பக்கத்தைத் தூக்குமுன் முன்சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைப்பது மிக முக்கியம். கைப்பிரேக் அப்போது விடுபட்டிருக்கும் அன்றோ! ஷூக்களை மாட்டியபின், சக்கரத்தைக் கையால் சுழற்றினால் மெல்லிய உரசல் கேட்குமளவுக்கு இடைவெளியைக் குறைக்க வேண்டும். கால் பிரேக்கைப் பலமுறை அழுத்தி ஷூக்களை அமரச் செய்யவேண்டும். இத்தனைக்கும் பிறகே கேபிள். எத்தனை பல்லில் பிடிக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். பிடியை இறக்கினால் இரு சக்கரங்களும் தடையின்றிச் சுழல வேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிறதா? மற்றதன் கேபிள் உறைக்குள் துருவேறியிருக்கலாம்; நம் கடற்காற்றுக்கு அது எளிது. அல்லது பிரேக் ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கலாம். இரண்டுக்கும் முறுக்குதல் மருந்தன்று.

சட்டமும் இதைச் சிறு விஷயமாகக் கருதவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாதபோது எஞ்சினை நிறுத்திப் பிரேக் போட்டோ வேறு வழியிலோ வண்டி நகராதபடி செய்ய வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு.

பணிமனையில் வண்டியைப் பெறுவோர், கூலியைக் கொடுக்குமுன் ஏற்றமுள்ள சாலை வரை ஓட்டிச் சென்று, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கைப்பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். காலைப் பிரேக்கின்மீதே தயாராக வைத்திருங்கள். வண்டியைத் திருப்பி இறக்கத்தை நோக்கியும் ஒருமுறை பாருங்கள். திரும்பி வந்ததும் பின்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு செல்லுங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.