கயிறு இழுத்தும் கிளம்பாத பவர் ஸ்பிரேயர்

கேள்வி: ‘மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்துவிட்டது. முதுகில் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயரைப் போன பட்டத்துக்குப் பிறகு இப்போதுதான் வெளியே எடுத்தோம். கயிறு இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். பட்டறையில், போர் போயிருக்கும், பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம்?’

- பெரம்பலூர் மாவட்ட வாசகர்

பதில்: எஞ்சின் ஓடுவது உறுதியாகும் வரை மருந்தைத் தண்ணீரில் கலக்க வேண்டாம். கலக்கிய மருந்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். எஞ்சின் கிளம்பும் வரை, கைத்தெளிப்பானால் குருத்தில் படும்படி அடித்துக்கொண்டிருக்கலாம்.

கார்ட் பந்தயத்தில் சீறிப் பாயும் 125 சிசி எஞ்சினாக இருந்தாலும், முதுகில் சுமக்கும் ஸ்பிரேயராக இருந்தாலும், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கேட்பது மூன்றுதான்: எரிபொருள், தீப்பொறி, அமுக்கம். பல மாதம் சும்மா கிடந்த எஞ்சினில் பெரும்பாலும் முதலாவதுதான் கோளாறு. அமுக்கம் கடைசி. பட்டறையில் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

டேங்கில் போன பட்டத்துப் பெட்ரோல் இருந்தால் முழுவதும் வடித்துவிடுங்கள். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால் மிஞ்சுவது பிசின்தான். அது கார்ப்பரேட்டரின் ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாளானால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கைப் புதுப் பெட்ரோலால் அலசி, புதுக் கலவை ஊற்றிய பிறகு மற்றதைப் பாருங்கள். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத்துளை, உள்ளே இருக்கும் ஃபில்டர், குழாயில் விரிசல் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். ஏர் ஃபில்டர் பெட்டியிலோ சைலன்ஸர் வாயிலோ குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொட்டகையில் கிடந்த கருவிகளில் இது நடப்பதுதான்.

அடுத்து, பத்து முறை கயிறு இழுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பாதி நோய் அதன் முனையிலேயே தெரியும். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. சோக் போட்டபடியே விடாமல் இழுத்தாலும் இப்படி மூழ்கிப்போகும். அப்போது சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக வைத்து, பிளக் இல்லாமலே ஏழெட்டு முறை இழுங்கள். தேங்கியது துளை வழியே பீய்ச்சி வெளியேறும். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது. முகத்தையும் துளைக்கு நேரே வைக்கக் கூடாது.

தீப்பொறி பார்க்க, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, சற்று நேரம் காற்றாட விட்டு, பிளக்கைத் துடைத்து அதன் தொப்பியில் மாட்டுங்கள். பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினின் உலோகத்தில் படும்படி, பிளக் துளையிலிருந்தும் டேங்கிலிருந்தும் தள்ளி வைத்து, சுவிட்சைப் போட்டு இழுங்கள். ரப்பர் கைப்பிடி உள்ள பிளையரால் பிடிப்பது நல்லது. பளிச்சென்று நீலப்பொறி வந்தால் சரி. வராவிட்டால் புது பிளக் போட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால், காயில் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அணைக்கும் சுவிட்சிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அதிர்வில் அந்த வயரின் தோல் உரிந்து எங்காவது உலோகத்தில் பட்டிருந்தால், சுவிட்ச் எப்போதும் அணைத்த நிலையில்தான் இருக்கும். வயரைக் கழற்றியதும் பொறி வந்தால் செலவு சொற்பம். சரிசெய்து திரும்ப மாட்டிய பிறகே ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினை அணைக்க முடியாது.

பொறி இருக்கிறது, ஆனாலும் கிளம்பவில்லையா? பிளக் துளையில் புதுக் கலவை நாலைந்து சொட்டு விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். சில நொடி வெடித்து நின்றால் கார்ப்பரேட்டர்தான் குற்றவாளி.

இதற்கும் அசையாவிட்டால் அமுக்கம். பிளக் மாட்டியபடி கயிற்றை மெதுவாக இழுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் கை தடுக்க வேண்டும். பிளக் இல்லாமல் இழுப்பதுபோல லேசாகவே வந்தால் பட்டறைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் முதலில் சைலன்ஸரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். புகைத்துளை வழியாக பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். அதில் மேலும் கீழுமாகக் கீறல் ஓடியிருந்தால் ஆயில் போதாமல் ஓடியிருக்கிறது. இந்த எஞ்சினுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலப்பதுதான் அதற்கு மசகு. கருவியோடு வந்த கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றிருந்தால் 20 மில்லி டூ-டி ஆயில். பாட்டில் மூடியால் உத்தேசமாக ஊற்றாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி போடாத சிரிஞ்சால் அளந்து ஊற்றலாம்.