தகுதி என்பது யாருடைய அளவுகோல்?

2026 உலகக் கோப்பைக் கால்பந்தில் 48 அணிகள் என்று 2017இல் ஃபிஃபா அறிவித்ததும் 'தரம் கெட்டுவிடும்' என்று கூக்குரல் எழுந்தது. தகுதிச்சுற்றைக் களங்கமற்ற துலாக்கோலாகக் கருதும் நண்பர்கள் 1966ஆம் ஆண்டின் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

அன்று மொத்தம் 16 இடங்கள். போட்டியை நடத்திய இங்கிலாந்தையும் சேர்த்து ஐரோப்பாவுக்கு 10. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! ஆப்பிரிக்காவில் முதலிடம் பெறும் அணியும் பிற கண்டத்து அணியை வென்றால்தான் உள்ளே நுழைய முடியும். கானா முன்னின்று குரல் எழுப்ப, ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகின.

அந்த ஒற்றை இடத்தில் வந்த வட கொரியா, இத்தாலியை 1-0 என வீழ்த்தி ஊருக்கு அனுப்பியது. அத்தொடரில் அதிகபட்சமாக 9 கோல்கள் அடித்த போர்ச்சுக்கல் வீரர் யுசேபியோ, அன்று அந்நாட்டின் காலனியாக இருந்த மொசாம்பிக்கில் பிறந்தவர். ஆப்பிரிக்கக் கால்கள் வேண்டும். ஆப்பிரிக்கக் கொடி வேண்டாம். இதற்குப் பெயர்தான் தரமா?

புறக்கணிப்புக்குப் பிறகே, 1970இல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்தது. அவ்விடத்தில் ஆடிய மொராக்கோ 2022இல் அரையிறுதியைத் தொட்டது.

ஃபிஃபாவின் விரிவாக்கத்துக்குப் பின்னால் பணக்கணக்கு இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். 2026க்கும் 55 உறுப்பு நாடுகள் கொண்ட ஐரோப்பாவுக்கு 16 இடங்கள். 54 கொண்ட ஆப்பிரிக்காவுக்கு நேரடியாக 9 மட்டுமே. கதவை அடைத்து வைத்துக்கொண்டு, வெளியே நிற்பவனுக்கு ஆடத் தெரியாது என்பது எந்த ஊர் நியாயம்?