பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கணக்குப் புத்தகம்

முதலாம் தர அனுமதிக்கு விண்ணப்பம் கோரும் காலம் வந்துவிட்டால் கொழும்பு புதுக்கடையில் போட்டோகொப்பிக் கடைகளுக்கு நல்ல வியாபாரம். வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி, வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தகப்பனின் பழைய விடுகைப் பத்திரம் என்று பெற்றோர் கட்டுக்கட்டாகப் பிரதி எடுப்பார்கள். “கலியாணம் முடிக்கவும் இவ்வளவு கடுதாசி தேவப்படல்ல சேர்” என்றார் நான் வழக்கமாகப் போகும் கடையின் நானா.

இடம் கிடைக்காதவர்களின் கட்டு அத்தோடு முடிவதில்லை. அது இன்னும் தடித்து, சட்டத்தரணியின் கோப்புக்குள் ஏறி, அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போகும். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பதால் ஓட்டமும் நடையுமாகத் திரிவார்கள். ஆறு வயதுகூட நிரம்பாத பிள்ளைக்காக நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் படியேறுவது இங்கே யாருக்கும் வியப்பாகத் தோன்றாத அளவுக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த மனுக்களில் வரும் பாடசாலைகளின் பெயர்களைக் கவனியுங்கள். எல்லாம் கறுவாத்தோட்டத்துப் பக்கமோ மருதானைப் பக்கமோ இருக்கும் பெரிய கல்லூரிகள். மனுதாரரின் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு மாகாணப் பாடசாலை இருக்கும். அதற்குள் தன் பிள்ளையைச் சேர்க்கவில்லை என்று யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்தச் சிறு பாடசாலைக்கும் விண்ணப்பத்தில் ஓர் இடம் உண்டு. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்துவந்த சுற்றறிக்கையின்படி, தேசியப் பாடசாலைகளின் முதலாம் தர இடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரருக்கு. மிச்சம் வேறு வகைகளுக்கு. அருகில் வசிப்போர் என்ற வகையில், கேட்கும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்டவாகப் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலை இருந்தால், அது ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். எங்கள் ஒழுங்கைப் பாடசாலை பெற்றோரின் வாழ்க்கைக்குள் முதன்முதலாக வருவது இப்படித்தான், கழிக்கப்படும் புள்ளியாக. பக்கத்தில் ஒரு பாடசாலை இருப்பது அனுகூலம் என்று நினைக்க வேண்டிய தாய், அது இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறாள்.

நீதிமன்றம் இந்த விடயத்தைத் தொடாமலும் இல்லை. 2007 இல் ஹப்புதந்திரிகே வழக்கில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, அப்போதிருந்த அனுமதி அளவுகோல்கள் 12(1) ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமைக்கு ஒவ்வாதவை என்று தீர்த்தது. அமைச்சு புதிய சுற்றறிக்கை எழுதியது. அதற்குப் பிறகும் வருடாவருடம் மனுக்கள் வரத்தான் செய்கின்றன.

ஏன் 12(1)? கல்வி உரிமை என்றே ஏன் வழக்காட முடியாது? எங்கள் அரசியலமைப்பில் கல்வி இருப்பது அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அல்ல. எல்லா மட்டங்களிலும் எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்ற வாக்குறுதி 27 ஆம் உறுப்புரையில், அரச கொள்கைக்கான வழிகாட்டிக் கோட்பாடுகளுக்குள் இருக்கிறது. அந்தக் கோட்பாடுகளை வைத்து எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 29 ஆம் உறுப்புரை கதவைச் சாத்துகிறது. ஆகவே “என் பிள்ளைக்கு 62 புள்ளி, அவருடைய பிள்ளைக்கு 61, ஆனால் அவருக்கு இடம்” என்று வழக்காடலாம். “எங்கள் வட்டாரப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை” என்று அதே வழியில் போய் வெல்வது மிகக் கடினம்.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பாடசாலைகளை நடத்துவது சிறுசிறு கல்வி மாவட்டங்கள். ஊரார் வாக்களித்துச் சபை அமைப்பார்கள். ஊர்க் காணி, வீட்டு வரியிலிருந்து பெரும்பங்கு பணம் வரும். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ பெருநகரப் பகுதியில் எட்ஜ்வுட் என்ற ஏழை மாவட்டமும் அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான மாவட்டமும் இருந்தன. 1967-68 இல் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்குச் செலவிட முடிந்தது 356 டொலர், அலமோ ஹைட்ஸில் 594 டொலர். இத்தனைக்கும் அதிக வரி வீதம் செலுத்தியவர்கள் எட்ஜ்வுட் மக்கள்தான். வீடுகளின் பெறுமதி குறைவு என்பதால் எவ்வளவு வரி போட்டாலும் பணம் சேரவில்லை. டிமெட்ரியோ ரொட்ரிகஸ் என்ற தகப்பனும் வேறு பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கல்வி தங்கள் அரசியலமைப்பில் அடிப்படை உரிமை அல்ல என்று 5க்கு 4 என்ற வித்தியாசத்தில் தள்ளுபடி செய்தது. 1989 இல் டெக்சாஸ் மாநில உயர் நீதிமன்றம், மாநில அரசியலமைப்பைக் கொண்டு அதே நிதிமுறையை ஏகமனதாகச் செல்லாது என்றது. அந்தப் பெற்றோர் கேட்டது ஒரு பிள்ளைக்கு வேறு பாடசாலையில் இடம் அல்ல. தங்கள் பாடசாலைக்கே உரிய பணத்தைக் கேட்டார்கள்.

இங்கே பாடசாலைகள் ஊர் வரியில் நடப்பதில்லை. ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடைத் துணி எல்லாம் அரச பணம். 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா வழிசமைத்த இலவசக் கல்வியில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் பகுதி அது. பிறகு எப்படி ஒரே வலயத்துக்குள், கொழும்பு மத்திக் கோட்டத்துக்குள்ளேயே, ஒரு பாடசாலைக்கு நீச்சல் தடாகமும் இன்னொன்றுக்கு ஒழுகும் கூரையும் வாய்த்தன?

முதல் காரணம், எங்களுக்கு இரண்டு எசமானர்கள். 1987 இன் 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாண சபைகளின் கீழ் போயின. நானூறு வரையிலான தேசியப் பாடசாலைகள் மட்டும் மத்திய அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருக்கின்றன. மதில் ஒன்றாக இருந்தாலும் ஒரு பக்கத்து அதிபர் அமைச்சு இருக்கும் இசுருபாயவுக்குப் பதில் சொல்வார், மறுபக்கத்து அதிபர் கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம், மாகாணத் திணைக்களம் என்று படிப்படியாக ஏற வேண்டும். இரண்டு பேருக்கும் தாங்கள் விரும்பும் ஆசிரியரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் இல்லை. ஆனால் பெரிய பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டு ஆசிரியர்கள் வருவார்கள், சிறியதிலிருந்து இடமாற்றம் கேட்டுப் போவார்கள். கொழும்பில் ஆசிரியர் மொத்தத்தில் குறைவில்லை என்று சொல்வார்கள். தமிழ்மொழிமூலக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று பாடம் பாடமாகக் கேட்டால்தான் கதை வெளியே வரும்.

அடுத்தது பணம். கரும்பலகையிலிருந்து ஆய்வுகூட இரசாயனம் வரை வாங்குவதற்கு அரசு தருவது தர உள்ளீட்டு நிதி. மாணவர் தொகையை ஒட்டிக் கணக்கிடப்படுவதால் பிள்ளைகள் குறையக் குறைய அதுவும் குறையும். அந்த நிதிக்கு மேலே வருவதெல்லாம் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் சேர்ப்பது. பெரிய கல்லூரியின் பழைய மாணவர் லண்டனிலும் மெல்பேர்னிலும் விருந்து வைத்துக் கட்டடம் கட்டித் தருகிறார்கள். எங்கள் ஒழுங்கைப் பாடசாலையின் பழைய மாணவர் ஐந்துலாம்புச் சந்தியில் நாட்டாமை வேலை செய்கிறார், ஓட்டோ ஓட்டுகிறார், செட்டியார் தெரு நகைக்கடையில் நிற்கிறார். அவரிடம் வாங்கக்கூடியது சிரமதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

2022 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய முடியாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கையிருப்பு உள்ள சங்கங்கள் எப்படியோ தாள் வாங்கிப் பயிற்சி வினாத்தாள் அடித்தன. இல்லாத பாடசாலைகளில் ஆசிரியர் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள்.

பெறுபேறு என்று பேசினால் உடனே எல்லோரும் மதிலில் தொங்கும் பெனரைக் காட்டுவார்கள். சாதாரண தரத்தில் 9ஏ எடுத்தவர்களின் படங்கள். சிறு பாடசாலையின் பெனரில் ஒரு படமோ இரண்டு படமோ இருக்கும், சிலவேளை பெனரே இருக்காது. ஆனால் அந்தப் பாடசாலையில் முதலாம் தரத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுத்தந்த ஆசிரியை வளர்த்தெடுத்த கெட்டிக்காரப் பிள்ளைகள் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்துப் பெரிய கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளை நல்ல பாடசாலைக்குக் கொண்டுபோக வந்த பரீட்சை, சிறு பாடசாலையின் பாலில் வருடாவருடம் ஆடை எடுக்கிறது. ஆறு வருடம் கழித்து அந்தப் பிள்ளை 9ஏ எடுக்கும்போது படம் தொங்குவது வேறு மதிலில். மிஞ்சிய பாலை வைத்து “இந்தப் பள்ளிக்கூடம் சரியில்லை” என்கிறோம்.

இன்னொன்று கொழும்புத் தமிழர் அதிகம் பேசாதது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு பின்தங்கிய மாவட்டம் அல்ல, அதன் வெட்டுப்புள்ளி எப்போதும் உயரத்தில் இருக்கும். மாவட்டத்தைக் கணக்கெடுக்கும் முறை அதற்குள் இருக்கும் ஒழுங்கையைக் கணக்கெடுப்பதில்லை. முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கொடுத்த சலுகை நியாயமானது. அதே அளவு வசதியீனத்தோடு வாழைத்தோட்டத்துத் தோட்டக் குடியிருப்பில் படிக்கும் பிள்ளை, கறுவாத்தோட்டத்துப் பிள்ளையோடு ஒரே இசட் புள்ளியில் ஓட வேண்டியிருக்கிறது.

ஆட்சியாளர்களும் இதை அறிவார்கள். அகில விராஜ் காரியவசம் கல்வி அமைச்சராக இருந்தபோது “அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை” என்று ஒரு திட்டம் வந்தது. கோட்டாபய ராஜபக்ஷ அரசு ஆயிரம் தேசியப் பாடசாலைகள் என்றது. கட்டடமும் பெயர்ப்பலகையும் வந்த இடங்கள் உண்டு. பெயர்ப்பலகைக்குப் பின்னால் கணித ஆசிரியர் வராத இடங்களில் பெற்றோர் முன்புபோலவே போட்டோகொப்பி எடுக்கிறார்கள். வசதி உள்ளவர்கள், கல்வி அமைச்சின் கீழ் அல்லாமல் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகும் சர்வதேசப் பாடசாலைகளுக்குப் போய்விட்டார்கள். குரல் கொடுக்கக்கூடியவர்கள் விலகிய பாடசாலைக்காக யார் வலயத்துக்குப் போய்ச் சத்தம்போடுவது?

பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தன் பிள்ளைக்கு நல்லதைத் தேடுவது பாவமல்ல. ஆனால் ஒரு கட்டுக் கடுதாசிக்கும் ஒரு வழக்குக்கும் செலவாகும் முயற்சியில் நாலில் ஒரு பங்கு பக்கத்துப் பாடசாலைக்குக் கிடைத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். இது வெறும் ஆசைப் பேச்சல்ல. 1884 இல் அறிஞர் சித்திலெவ்வை முன்னின்று இந்த வட்டாரத்தில் தொடக்கிய முஸ்லிம் பாடசாலைதான் இன்று ஹமீத் அல் ஹுஸைனி. அரசாங்கம் வந்து செய்யும் என்று அன்றைய புதுக்கடைக்காரர் காத்திருக்கவில்லை.

இன்று பள்ளிக்கூடம் கட்ட வேண்டியதில்லை, இருப்பதற்குக் கணக்குக் கேட்டால் போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் பதவிவழி அதிபர்தான், ஆனால் சங்கம் பெற்றோருடையது. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். இந்த வருடம் தர உள்ளீட்டு நிதி எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு காலமாக ஆசிரியர் இல்லை என்று கேளுங்கள். முதலாம் தரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரம் எழுதினார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால், தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை, வீட்டு உறுதி தேவையில்லை, வாக்காளர் இடாப்பும் தேவையில்லை. உங்கள் பிள்ளை அந்தப் பாடசாலையில் படிக்காவிட்டாலும் கேட்கலாம். இந்த வருடம் ஒருவராவது கேளுங்கள்.