பேசாத பொம்மையும் பேசும் படமும்

பொம்மையோடு விளையாடும் சிறுமியைச் சற்று ஒதுங்கி நின்று கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். பொம்மைக்காகப் பேசுபவளும் அவளே. அதற்கு மறுமொழி சொல்பவளும் அவளே. பொம்மையின் மௌனம் அவளது கற்பனைக்கு இடந்தருகிறது. அப்பொம்மையே வெண்திரையில் தோன்றிப் பேசத் தொடங்கினால் அக்கற்பனை என்னாகும்? உலகப் புகழ் பெற்ற பார்பி பொம்மையின் படங்களை முன்வைத்து இவ்வாரம் இதனைச் சிந்திப்போம்.

அமெரிக்காவின் மட்டெல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ரூத் ஹான்ட்லர் அம்மையார், தம் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளை வளர்ந்த பெண்களாகப் பாவித்து விளையாடுவதைக் கண்டார். அக்காலத்துப் பொம்மைகளிற் பெரும்பாலானவை கைக்குழந்தை வடிவின. அவற்றோடு விளையாடும் சிறுமி தாயாக மட்டுமே நடித்தல் கூடும். விரும்பிய வாழ்வையெல்லாம் ஒரு சிறுமி நடித்துப் பார்ப்பதற்கேற்ற பொம்மையொன்று வேண்டுமென அம்மையார் எண்ணினார். ஜேர்மனியில் விற்பனையான லில்லி என்னும் பொம்மையைத் தழுவி அமைந்த பார்பி, 1959 மார்ச் 9ஆந் திகதி நியூயோர்க் நகர விளையாட்டுப் பொருட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. மகளின் பெயரே பொம்மைக்கும் வாய்த்தது.

பார்பிக்கு நிலையான குணமொன்றை வகுத்துவிட நிறுவனத்தார் விரும்பினாரல்லர். 1995இல் வெளியான ‘டோய் ஸ்டோரி’ படத்துக்கு அவளைக் கேட்டபோது அவர்கள் இசையாமைக்கு இதுவே காரணம். 1999இல் வந்த இரண்டாம் பாகத்திலேதான் அவள் தோன்றினாள்.

2001இல் ‘நட்கிராக்கர்’ கதை பார்பியின் கணினிச் சித்திரப் படமாக வெளிவந்தது. சைக்கோவ்ஸ்கியின் இசையை லண்டன் சிம்பொனி இசைக்குழு வழங்கியது. நியூயோர்க் நகர பலே நடனக் கலைஞரின் அசைவுகளைக் கணினியிற் பதிந்து சித்திரங்களை ஆடவைத்தனர். 2002இல் ‘ரபுன்சல்’, 2003இல் ‘அன்னப் பொய்கை’ எனப் படங்கள் தொடர்ந்தன. இவற்றிலே பார்பி தன் தங்கை கெல்லிக்குக் கதை சொல்கிறாள். அக்கதையின் நாயகியாகவும் வருகிறாள். ஒரு படத்தின் நாயகி மறுபடத்தில் வேறொருத்தி. குழந்தையின் கையிலிருக்கும் பொம்மைக்குள்ள சுதந்திரம் இவ்வாறு ஓரளவு காக்கப்பட்டது. நல்லிசையும் நடனமும் பல இல்லங்களை எட்டின என்பதையும் மறுத்தற்கில்லை. ஆயினும் திரையிற் கண்ட நாயகியே புத்தாடையுடன் பொம்மையாகக் கடைக்கு வந்தாள். கதையை ரசித்த குழந்தை, கூடவே ஒரு விலைப்பட்டியலையும் மனத்திற் சுமந்தது.

2023இல் கிரேட்டா கேர்விக் அம்மையார் நெறிப்படுத்த, மார்கொட் ரொபி நடித்த ‘பார்பி’ வேறு வழி சென்றது. பொம்மை உலகை நீங்கி மெய்யுலகுக்கு வரும் பார்பியை மாணவி ஒருத்தி நேர்நின்று கண்டிக்கிறாள். பெண்களைத் தம்மைத் தாமே குறைவாக எண்ணச் செய்தவள் என்று பழிக்கிறாள். நிறுவனமும் நகைப்புக்கு இலக்காகிறது. எனினும் அப்படத்தின் தயாரிப்பில் மட்டெலுக்கும் பங்குண்டு. வசூலோ 140 கோடி டொலருக்கு மேல். தன்மீது விழும் கண்டனத்தையும் விற்றுப் பொருளீட்ட வணிகம் அறிந்திருக்கிறது! முடிவில் ரூத் அம்மையாரின் உருவம் பார்பியைச் சந்திக்கிறது. மூப்பும் மரணமும் உண்டென அறிந்தே அவள் மானிட வாழ்வைத் தேர்கிறாள். மாறாத அழகினும் மாறும் வாழ்வே மேலென்னும் இக்கருத்து இளம் பெண்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆகவே, இப்படங்களைக் காணாதே எனப் பிள்ளைகளைத் தடுப்பதனாற் பயனில்லை. பெற்றோர் உடனிருந்து பார்க்கட்டும். பார்த்தபின், “உன் பொம்மையானால் அவ்விடத்தில் என்ன செய்திருக்கும்?” என்று வினவட்டும். திரையிற் கண்டதையே குழந்தை திருப்பிச் சொன்னால் மீண்டும் வினவட்டும். தானாக ஒரு கதையை அது புனையத் தொடங்குமாயின் கவலைக்கு இடமில்லை. அக்கதைக்கு விலையுயர்ந்த பொம்மையும் வேண்டியதில்லை. பார்பராவுக்குக் காகிதப் பொம்மையே போதுமானதாயிருந்தது.